மூடி

நூற்றைம்பது ஜாடிகள்.
கும்பகோணத்தில் மொத்த விலைக்கு வாங்கி
வைக்கோல் சுற்றி
நீடாமங்கலம் பஸ்ஸின் கடைசி சீட்டில்
மடியிலும் காலிடுக்கிலுமாக வந்தவை.
ஐம்பது மில்லி, ஆறு பட்டை, தகர மூடி.
வலங்கைமான் வளைவில் இரண்டு உடைந்தன.

தாம்பூலப் பையில் தேங்காய் வேண்டாமாம்,
மெழுகுவர்த்தி போடுவார்களாம்.
"புதுசா இருக்கட்டும்க்கா" என்றாள் கல்யாணப் பெண்.
மூடிக்கு ஸ்டிக்கரும் அவளே அடித்துத் தந்தாள்,
தங்க எழுத்தில்
தாரகை – கோகுலவாசன்.
நடுவில் ஓர் இதயம்,
நான் பார்த்ததிலேயே கொழுத்தது.

ஜெராக்ஸ் கடையை ஒன்பதுக்கு அடைத்த பிறகு
இட்லிப் பானையில் தண்ணீர்,
தண்ணீரில் குண்டான், குண்டானில் மெழுகு.
ஜாடியை வெந்நீரில் அலசி
துடைத்துச் சூட்டோடு வைக்கணும்.
ஆறிய கண்ணாடி கொதிப்பைத் தாங்காது,
டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
திரி சாயாமல் இருக்க ஐஸ் குச்சி.
கடைசியில் வெட்டிவேர் எண்ணெய், எண்ணி எண்ணி.

முதல் இருபதை அவசரப்பட்டு மூடிவிட்டேன்.
காலையில் மூடிக்குள் வேர்வை,
மெழுகின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கும்
என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்தார்,
மோந்தார், ஆட்டினார்,
நெல்லைக் கடிப்பது போல
ஒரு கிள்ளு மெழுகைப் பல்லில் வைத்தும் பார்த்தார்.
"ஈரத்தோட கட்டியிருக்க.
பதினேழுக்கு மேல போனா நாங்க எடுக்க மாட்டோம்."
இருபதையும் உருக்கி மறுபடி ஊற்றினேன்.

முகூர்த்தத்துக்குப் பதினொரு நாள் இருக்க
ஒரு போன். பெண்ணில்லை, பெண்ணின் சித்தப்பா.
"அந்த ஆர்டர் வேண்டாம்மா."
அவர் அட்வான்ஸைக் கேட்கவில்லை,
நான் காரணத்தைக் கேட்கவில்லை.
ஊர் நாலு காரணம் சொன்னது,
நாலும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை.

கட்டிலுக்கடியில் நூற்று நாற்பத்தெட்டு இதயங்கள்.
சுரண்டினால் தாள் வரும், பசை வராது.
தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து
வழித்து வழித்து எடுத்தேன்.
அவள் பெயர் சுலபமாகக் கழன்றது.
அவன் பெயரில் பாதிதான் வந்தது,
பல மூடிகளில் 'வாசன்' மட்டும் நின்றுகொண்டது.
போகட்டும், கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறது என்று
விட்டுவிட்டேன்.

ஐப்பசிக் கடைசியில் காற்று அடித்தது.
ஐந்து ராத்திரி கரண்ட் இல்லை.
கோரையாற்றங்கரையில் விழுந்த கம்பங்களை
நட்டுக்கொண்டே இருந்தார்கள்.
பத்து ரூபாய் மெழுகுவர்த்தி
கடைத்தெருவில் முப்பது.
நான் பெட்டியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன்.
காசு வேண்டாம், ஜாடி திரும்பி வரணும்.
அணைக்கிறப்ப ஊதாதீங்க, மூடியப் போடுங்க,
தானா அடங்கும், புகை வராது.
சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

அந்த ஐந்து நாளும் தெருவுக்கு
ஈரப் பாயும் அழுகிய நடவும்
வெட்டிவேரும் கலந்த வாசம்.

பிறகு ஜாடிகள் வரத் தொடங்கின.
வெறும் ஜாடி ஒன்றுகூட இல்லை.
இரவல் பாத்திரத்தை வெறுமனே தருவார்களா யாராவது?
மஞ்சள்தூள். பொட்டுக்கடலை.
எண்ணெய் வழிய நார்த்தங்காய் ஊறுகாய்.
டெய்லர் ஹபீபுல்லா வீட்டிலிருந்து
ஐம்பது மில்லி வட்டலப்பம், ஸ்பூனோடு.
லைன்மேன் கொடுத்ததில் பியூஸ் கம்பி.
எதிர்வீட்டுப் பையனுடையதில்
மூடியில் ஆணித் துளை, உள்ளே தலைப்பிரட்டை.
என்ன செய்ய, அதை ஆற்றில் விட்டுவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம்
தாரகை கடைக்கு வந்தாள்.
மார்க்‌ஷீட், டி.சி., மூன்று செட்.
ஓசூரில் வேலையாம்.
மெஷின் ஓடிக்கொண்டிருக்க
கல்லாப் பக்கம் மிச்சமிருந்த ஜாடியை எடுத்து
மூடியில் இருந்ததை வாசித்தாள்.
திறந்து மோந்தாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை,
பச்சை வெளிச்சம் போய்ப் போய் வந்தது.

"இது எவ்வளவுக்கா?"
காசில்லம்மா, ஜாடிய மட்டும்
திருப்பிக் கொடுத்துடணும் என்றேன், பழக்கத்தில்.
"இது வராதுக்கா"
என்று ஐம்பது ரூபாயைக் கண்ணாடி மேல் வைத்தாள்.
மூடியை இன்னொரு தரம் இறுக்கிப்
பைக்குள் போட்டுக்கொண்டாள்.